தட்டுக்குத் தெரியாத சிவப்பு

செவ்வாய்க்கிழமை காலை நான் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜித்ராவிலிருந்து மைமூன் அக்காவின் மகள் ஜமீலா. "மாமா, உம்மா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதிட்டுப் படுத்தாங்க, எழுந்திரிக்கவே இல்ல" என்றாள். பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. கெட்ட செய்தி எது வந்தாலும் என் கை முதலில் அங்கேதான் போகும். என் மனைவி அஞ்சலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஐசி எங்கயும் ஓடிப் போகல. யாருக்கு என்னன்னு சொல்லுங்க" என்றாள். மைமூன் அக்கா என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மைமூன் அக்காவை அறிந்த உங்களுக்கு அவரைப் பயமே இல்லாத மனுஷியாகத்தான் தெரியும். சுங்கை பட்டாணியில் உங்கள் தாயாருக்கோ மாமியாருக்கோ வாழ்க்கையின் முதல் புகைப்படத்தை எடுத்தவர் அவர். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "மூச்சை விடுங்க மாமி, கேமரா கடிக்காது" என்று அவர் அதட்டியதை உங்கள் வீடுகளில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பயம் என்றால் அது என் சொத்து என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது தப்பு என்று அவரை அடக்கம் செய்த அன்று பிற்பகலில்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் அறிவித்த புதிதில் நான் அந்த ஸ்டூடியோவில் ரீடச்சிங் வேலை பார்த்தேன். தட்டு என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி நெகட்டிவில் கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பது, கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைக் குறைப்பது, கேட்பவர்களுக்குப் படத்தில் வர்ணம் தீட்டுவது, இவைதான் என் வேலை. எல்லாரும் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும் ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டணத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் மட்டும் சிக்கல். வேற்று ஆண் முன்னால் முகத்தைக் காட்டி உட்காரப் பெண்கள் வரமாட்டேன் என்றார்கள். ஸ்டூடியோ முதலாளி யோசித்துப் பார்த்து, கைக்குழந்தையோடு விதவையாகி வீட்டோடு இருந்த தன் தங்கை மைமூன் அக்காவைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினார். அந்தக் குழந்தைதான் ஜமீலா. ஒரே வாரத்தில் அக்காவுக்குக் கேமரா பழகிவிட்டது. ஒரே மாதத்தில் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாள்களை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருந்த வீட்டு வரிசைகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வாசலில் சோதனை, சாலையில் சோதனை, பஸ்ஸை நிறுத்திச் சோதனை. சில நாள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, முகத்தை மூடிய ஓர் ஆளை முன்னால் நடக்க விடுவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவர் லோரியில் ஏற வேண்டியதுதான். ஏறியவர்களில் சிலர் வீடு திரும்பினார்கள். சிலரைக் கப்பல் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். செத்துப்போனவர்களின் அட்டையை வைத்துக்கொண்டு காட்டு ஆட்கள் ஊருக்குள் நடமாடுகிறார்கள் என்றொரு பேச்சும் இருந்ததால், அட்டையில் ஓர் எழுத்து மங்கினாலும் சந்தேகம்தான். நான் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு அவளுடைய தோட்டத்து லயத்திலேயே குடியிருந்தேன். தோட்டம் சிடாம் கிரி பக்கம். தினமும் சைக்கிளில் பட்டணம் போய் வருவேன். போகும்போது இரண்டு சோதனை, வரும்போது இரண்டு. நாலு தடவையும் கேட்பதற்கு முன்பே என் கை சட்டைப்பைக்குப் போய்விடும்.

அப்படி ஒரு நாள் ஒரு கல்யாணப் படத்தால் ஸ்டூடியோவில் பெரிய ரகளை. பெண்ணுக்குச் சிவப்புக் கூறைப் புடவை. அச்சுப் போட்டுக் கொடுத்த படத்தில் அது கருகரு என்று கறுப்பாக இருந்தது. வெற்றிலை போட்ட உதடும் மை தடவியது போல இருந்தது. பெண்ணின் தகப்பனார் படத்தை மேசையில் வீசி, "எம்பொண்ணுக்குக் கறுப்புச் சீலை கட்டி வுட்டுட்டீங்களேய்யா" என்று நடுங்கினார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அபசகுனம் என்று அவருக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா வெளியே வந்து அவரை உட்கார வைத்தார். "இந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியாது, மாமா. நீலம் தெரியும், பச்சை கொஞ்சம் தெரியும். சிவப்பைப் பார்த்தா அதுக்கு இருட்டு. தட்டுக்குத் தெரியாததுக்கு உங்க மக என்ன பண்ணுவா?" என்றார். நாங்கள் படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததும் அதனால்தான். அந்த வெளிச்சம் தட்டுக்கு வெளிச்சமே இல்லை. அப்புறம் நான் அந்தப் புடவைக்கு வர்ணத்தில் சிவப்பைத் தீட்டிக் கொடுத்தேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

என் பேத்தி கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்கிறாள். அவள் தொழிற்சாலையில் ஓர் அறை முழுக்க மஞ்சள் விளக்குதானாம். நீல வெளிச்சம் கொஞ்சம் பட்டாலும் அங்கே செய்கிற சாமான் கெட்டுவிடுமாம். போன வருடம் இதை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நம்ம இருட்டறையைத்தான் பெருசாக் கட்டியிருக்காங்க, வேற ஒண்ணுமில்ல தம்பி" என்று சிரித்தார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

முதலாளி ஒரு தடவை பினாங்கு போனபோது நாலைந்து கலர் கண்ணாடிகளும், எல்லா நிறமும் தெரிகிற புதுவிதத் தட்டுகள் ஒரு பெட்டியும் வாங்கி வந்தார். கண்ணாடிகள் வட்டமாக, லென்ஸின் முன்னால் மாட்டுகிற மாதிரி இருக்கும். அக்காவுக்கு அவற்றின் மேல் ஒரே மோகம். மாடி ஜன்னலிலிருந்து ஜெராய் மலையை மூன்று தடவை படம் எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எடுத்ததில் வானம் வெறும் வெள்ளை, மேகமே இல்லை. மஞ்சள் கண்ணாடி வானத்து நீலத்தைக் கொஞ்சம் தடுத்ததில் மேகம் எழுந்து வந்தது. சிவப்புக் கண்ணாடி நீலத்தை முழுக்கத் தடுத்துவிட, வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, நட்ட நடுப் பகலில் மலைக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் வாசலை எட்டிப் பார்த்தேன். மலைப்பக்கம் கேமராவைத் திருப்பினாலே ஏன் என்று கேட்கிற காலம். கிழித்துப் போடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் கிழிக்கவில்லை. "பகல் பகலாத்தான் இருக்கு தம்பி. கண்ணாடி நீலத்தை உள்ள விடல, அவ்வளவுதான்" என்றார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு லயத்து வீட்டில் அஞ்சலையின் ரப்பர் பால் வெட்டும் கத்தி, வாளி, என் பென்சில்கள், சைக்கிள் எல்லாவற்றையும் கழுவி வைத்து மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். அஞ்சலை தன் அடையாள அட்டையையும் கொண்டு வந்து சாமி படத்தின் முன் வைத்தாள். "இது இல்லாம வேலைக்குப் போக முடியுதா? அப்ப இதுவும் ஆயுதந்தானே. ஒரு பொட்டு வைங்க" என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. மஞ்சளைக் குழைத்து அட்டையின் மூலையில் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். "உங்களுதுக்கு?" என்று கேட்டாள். என் அட்டையைத் தினமும் நாலு தடவை காட்ட வேண்டும், எதற்கு வம்பு என்று சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். அவள் அட்டைக்கு வைத்தேன், என்னுடையதற்கு வைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

ஈரம் காய்வதற்கு முன்பே அவள் அதை மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். வேர்வையும் மழையும் பட்டுப் பட்டு, இரண்டே வாரத்தில் மஞ்சள் அட்டை முழுக்கப் பரவி, குங்குமம் ஒரு பக்கம் இறங்கி, எண்ணும் முத்திரையும் இருந்த இடம் செங்காவிச் சேறாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை தோட்டத்து வாசலில் புது சார்ஜன் அதை விரித்துப் பார்த்தார். எண் தெரியவில்லை. முத்திரை எது, கறை எது என்று தெரியவில்லை. பெயரைக் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை நிலையத்துக்கு வந்து இது தன் அட்டைதான் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அன்றே உள்ளே போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார். சாட்சிக் கையெழுத்துக் கேட்டுத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் ஓடினேன். "நா ஒண்ணும் கையெழுத்துப் போட மாட்டேம்பா. நாளைக்கு என்னையும் சேத்து இழுப்பானுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் ஜன்னலையும் சேர்த்துச் சாத்தியிருப்பேன்.

ஸ்டூடியோவுக்கு வந்து அக்காவிடம் அட்டையை நீட்டினேன். "என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சக் குங்குமமெல்லாம் வச்சிருக்கு?" என்று சிரித்தபடி வாங்கியவர், விரித்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"கழுவிடலாமா அக்கா?"

"கழுவினா மையும் சேந்து போகும். அழிச்சதாக் கேஸ் போடுவான்."

"அவளுக்கு நம்பர் மனப்பாடம். நீங்க படம் எடுத்துக் குடுங்க, நெகட்டிவுல நான் பென்சிலால எழுதிடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கை வச்சாப் பொய்யாயிடும் தம்பி. பொய்யைக் கையில வச்சுக்கிட்டு அங்க போனா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். கண்ணாடி வச்சுப் பாப்போம். கண்ணாடி எதையும் எழுதாது, எதையும் அழிக்காது. கொஞ்சம் வெளிச்சத்தை விடும், கொஞ்சத்தைத் தடுக்கும்."

சிவப்புக் கண்ணாடியை எடுத்து அட்டைக்கு மேல் பிடித்தார். நான் குனிந்து பார்த்தேன். எல்லாமே சிவப்பாக, மங்கலாகத் தெரிந்தது. ஆனால் குங்குமம் இருந்த இடத்தில் கறை வெளிறி, அதற்கடியில் கறுப்பாக ஏதோ எழுத்து அசைவது போல இருந்தது. அக்கா விளக்கினார். வெள்ளைத் தாளில் எல்லா வெளிச்சமும் இருக்கிறது. குங்குமத்தில் சிவப்பு மட்டும் இருக்கிறது. சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி வழியே பார்த்தால் தாளும் சிவப்பு, கறையும் சிவப்பு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கறுப்பு மையில் எந்த வெளிச்சமும் இல்லை, அதனால் அது மட்டும் மிஞ்சும். கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது புதுவிதத் தட்டில் அழுத்தமாக வரும். "வரும்னுதான் நினைக்கிறேன்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

"இது உங்க பொஞ்சாதி உசிரு. சோதனை பண்ணிப் பாக்காம இதுமேல தட்டைச் செலவு பண்ண மாட்டேன். அதே மஞ்சள், அதே குங்குமம் நாளைக்கு ஒரு சிட்டிகை கொண்டாங்க" என்றார்.

புதன்கிழமை காலை காகிதத்தில் மடித்துக் கொண்டு போய்க் கொடுத்தேன். ஏதாவது வெள்ளைத் தாளில் தடவிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவர் மாடியிலும் இருட்டறையிலுமாக இருந்தார். என்னை உள்ளே விடவில்லை. சாயங்காலம் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெட்டியில் நாலு தட்டு மிச்சம் இருந்தது எனக்குத் தெரியும். இப்போது இரண்டுதான் இருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு போச்சு" என்றார். அந்தத் தட்டுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, கும்மிருட்டில்தான் கையாள வேண்டும். கை தவறி வீணாக்கிவிட்டார் போலிருக்கிறது, மிச்சமுள்ள இரண்டையும் வீணாக்கினால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி போயிற்று.

வியாழக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் அஞ்சலையின் அட்டையைப் பலகையில் குத்திவைத்துச் சிவப்புக் கண்ணாடி போட்டு ஒரு தட்டு எடுத்தார். அதைக் கழுவிக்கூடப் பார்க்காமல், பச்சைக் கண்ணாடியை மாட்டி இரண்டாவது தட்டையும் எடுத்துவிட்டார். "முதல்ல வந்திருக்கான்னு பாத்துட்டு எடுக்கலாமே அக்கா" என்று பதறினேன். "ரெண்டும் வேணும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவது கேட்டது. நான் வெளியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு கூடவே எண்ணினேன்.

முதல் அச்சு தண்ணீரிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. அட்டை நேற்றுத்தான் வாங்கியது போலச் சுத்தமாக இருந்தது. எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் நிமிர்ந்து நின்றது. அக்காவின் காலில் விழலாம் என்று குனியப் போன சமயத்தில்தான் கவனித்தேன். முத்திரையைக் காணோம். அந்த முத்திரை சிவப்பு மையில் குத்தியது. குங்குமத்தை மறைத்த கண்ணாடி முத்திரையையும் சேர்த்து மறைத்துவிட்டது. முத்திரை இல்லாத அட்டையின் படத்தைக் கொண்டு போனால் கள்ள அட்டை என்பதற்கு நாமே சாட்சி கொடுத்த மாதிரி ஆகும். அச்சைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

"தெரியும்" என்றார் அக்கா, ரொம்பச் சாதாரணமாக. "அதுக்குத்தான் பச்சை." இரண்டாவது அச்சை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பச்சைக் கண்ணாடி சிவப்பைத் தடுத்திருந்தது. குங்குமம் இருந்த இடம் கறுப்புத் திட்டு. ஆனால் மஞ்சளில் பச்சை வெளிச்சமும் இருப்பதால் மஞ்சள் மறைந்து தாளாகிவிட்டது. அந்த வெளுத்த இடத்தில், குங்குமத்துக்கு வெளியே தப்பித்திருந்த பாதி முத்திரை கறுப்பாக, அரை வட்டமாகத் தெரிந்தது. ஒரு படத்தில் எண், மறு படத்தில் முத்திரை. முத்திரை மறையும் என்று இவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய நினைப்பாயிற்றே.

வெள்ளிக்கிழமை காலை மூவருமாகப் போனோம். "நீங்க ரெண்டு பேரும் போனா அழுதே கெடுத்துடுவீங்க. நான் வர்றேன்" என்று அக்காதான் கிளம்பினார். நிலையத்து வாசலில் மணல் மூட்டை, முள்கம்பி. உள்ளே மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர்தான், ஆனால் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பார். "காட். தீகா-தீகா" என்றார். மூன்று பேர் அட்டையும் வேண்டும் என்று அர்த்தம். நான் என்னுடையதை வைத்தேன். அஞ்சலையுடையதை வைத்தேன். அக்கா தன் அட்டையை எடுக்கவில்லை. இரண்டு படங்களையும் எடுத்து மேசையில் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் முதல் படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "ச்சோப் மானா?" என்றார். முத்திரை எங்கே? குரல் உயரவில்லை. ஆனால் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் நகர்ந்து போய் வாசலில் நின்றான். அஞ்சலையின் விரல்கள் என் முழங்கையில் பதிந்தன. நான் அஞ்சலையின் அட்டையை இன்ஸ்பெக்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவர் அக்காவிடம் திரும்பி, கையை நீட்டி, உன் அட்டை எங்கே என்று கேட்டார்.

அக்கா பையில் கையை விட்டார். வெளியே வந்தது அட்டை இல்லை, சிவப்புக் கண்ணாடி. அதை மேசையில் வைத்தபோது அது பலகையில் டக் டக் என்று மெல்லத் தட்டியது. மின்விசிறியால் மேசை ஆடுகிறது என்று நினைத்தேன். "துவான், தெங்கோ டுலு" என்றார். ஐயா, முதலில் இதைப் பாருங்கள் என்று.

அவர் கண்ணாடியைக் கண்ணில் வைத்து அட்டையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அதே கண்ணாடி வழியே அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். "ஹீலாங்" என்றார். காணாமல் போயிற்று என்று அர்த்தம். என் மனைவியின் நெற்றியைப் பார்த்து ஒரு போலீஸ் அதிகாரி அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா உடனே பச்சைக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அவர் அதை வைத்துப் பார்த்தார். சிவப்பில் மறைந்த நெற்றிப் பொட்டு இதில் கறுப்பாகத் தெரிந்திருக்கும். "ஆடா" என்றார். இருக்கிறது. அட்டையில் இருப்பதும் நெற்றியில் இருப்பதும் ஒரே பொருள் என்று அக்கா சொன்னார். பூஜையில் வைத்தது, கெட்ட எண்ணம் இல்லை என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு புது அட்டைக்குக் கடிதம் எழுதி முத்திரை குத்தி அஞ்சலையிடம் கொடுத்தார். இரண்டு படங்களையும் கோப்பில் வைத்துக்கொண்டார். அக்காவின் அட்டையைக் கேட்டதை அவர் மறந்துவிட்டார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் அக்கா கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "வெயில் தம்பி" என்றார். வெயில் அவ்வளவு இல்லை. சிராப் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அவரைப் பின்சந்து வழியாகத்தான் வீட்டுக்கு அழைத்துப் போனோம், அவர் அப்படித்தான் போக வேண்டும் என்றார். அடுத்த இரண்டு மாதம் அவர் ஸ்டூடியோ வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை. ஐசி கெட்டுப் போச்சு, புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கு என்றார். "ஊருக்கெல்லாம் ஐசி படம் எடுத்துட்டு, உங்களுதைத் துணியோட சேத்துத் துவைச்சுட்டீங்களாக்கும்" என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா மவுத்தான அன்று ஜித்ராவுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று என் பங்குக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு அவர்களோடு அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். ஜமீலா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "மாமா, உம்மா இதை யாரையும் தொட விட மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்துச் சொல்ல முடியும்" என்றாள். உள்ளே சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் துணியில் சுற்றியிருந்தன. அவற்றுக்கு அடியில் பழுப்பேறிய இரண்டு அச்சுகள். ஓர் அடையாள அட்டையின் படம், இரண்டு தடவை எடுத்தது. ஒன்று சுத்தமாக, எண் தெளிவாக, முத்திரை இல்லாமல் இருந்தது. மற்றதில் ஒரு கறுப்புத் திட்டும், அதற்கு வெளியே பாதி முத்திரையும்.

இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்ட படங்கள் இங்கே எப்படி வந்தன என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அட்டையில் ஒட்டியிருந்த முகத்தைப் பார்த்தேன். முக்காடு போட்ட இளம் மைமூன் அக்கா.

"உம்மா ஐசியில என்ன மாமா இவ்வளவு பெரிய கறை?" என்று ஜமீலா கேட்டாள். நான் இரண்டு அச்சுகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அந்த முத்திரையின் சிவப்பு மை வேறு எந்தத் தாளிலும் கிடையாது. குங்குமமும் அந்த மையும் கண்ணாடிக்கு முன்னால் என்ன செய்யும் என்று அறிய ஓர் அசல் அட்டை வேண்டும். நான் மடித்துக் கொடுத்த சிட்டிகையை அவர் தன் அட்டையில் குழைத்துப் பூசி, வீணாகிவிட்டதாக நான் நினைத்த இரண்டு தட்டிலும் அதைத்தான் எடுத்திருக்கிறார். என் மனைவியை எந்தக் குற்றத்துக்காக உள்ளே வைக்க இருந்தார்களோ, அதே குற்றத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு என்னோடு அந்த நிலையத்துக்குள் நடந்து வந்திருக்கிறார். இரண்டு வயதுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு. அந்த மனிதர் இரண்டாம் தடவை கையை நீட்டியிருந்தால் அக்கா என்ன செய்திருப்பார் என்று நினைத்தபோது, இத்தனை வருடம் கழித்து, ஜித்ராவில் அந்த வீட்டுக் கூடத்தில் எனக்கு உடம்பு உதறியது. ஜமீலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிகளை அவளிடமே கொடுத்துவிட்டு அச்சுகளை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் அஞ்சலை அந்தக் கறுப்புத் திட்டுப் படத்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, குங்குமச் சிமிழைத் திறந்தாள். "அக்காவுக்கு ஒரு பொட்டு வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "அவங்களே வச்சிருக்காங்க."

அக்கா பேசியதில் பாதி எனக்கு இனி மறந்துபோகலாம். வயது அப்படி. அந்த மேசைப் பலகையில் சிவப்புக் கண்ணாடி டக் டக் என்று தட்டிய சத்தம் மட்டும் மறக்காது. அன்று அந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை. ஓடியிருந்தால் படங்கள் பறந்திருக்கும். ஆடியது அக்காவின் கை. என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டே நீட்டிய அந்தக் கையைத்தான் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.